பெயரில்லாப் பரிசல்கள்: காவிரியில் படகு, வலைத் திருட்டு

சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்குக் கடற்கரை கிடையாது. படகுத் திருட்டு என்றால் நாகப்பட்டினமோ ராமேசுவரமோதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் தமிழ்நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் சேலம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. மேட்டூர் அணைக்கு மேலே, நிறையும்போது சுமார் 150 சதுர கிலோமீட்டர் பரப்பில் நீர் விரிகிறது. அணைக்குக் கீழே செக்கானூரிலிருந்து மோகனூர் வரை காவிரிக் கரையின் ஊர்கள் பலவற்றில் பரிசலும் வலையும் இன்றும் தொழில் கருவிகள். அவை இரவில் வீட்டுக்குள் படுப்பதில்லை, கரையில் கிடக்கின்றன. வலைகளோ நீருக்குள்ளேயே கிடக்கின்றன. காலையில் போய்ப் பார்க்கும்போது பரிசல் இருந்த இடத்தில் கயிறு மட்டும் இருப்பது இந்தத் தொழிலின் பழைய துயரம்.

இந்தத் திருட்டை ஆற்றோரத்துச் சில்லறை விவகாரம் என்று ஒதுக்கிவிடுவதே வழக்கம். திருடு போன பொருளின் விலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இழந்தவரின் வருமானத்தை வைத்துப் பார்த்தால் கணக்கு மாறும். பரிசலும் வலையும் போனால் அவருக்கு அன்றிலிருந்தே வேலை இல்லை. பல இடங்களில் வலை வாங்கிய பணமே மீன் வியாபாரி கொடுத்த முன்பணமாக இருக்கும். வலை போன பிறகும் அந்தக் கடன் நிற்கிறது, அதை அடைக்க வேண்டிய கருவிதான் இல்லை.

நகர்ந்துகொண்டே இருக்கும் கரை

மேட்டூர் அணை கட்டும் வேலை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரால் நீர்த்தேக்கம் ஸ்டான்லி நீர்த்தேக்கம் ஆனது. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீருக்குள் போன ஊர்களின் நினைவாகப் பண்ணவாடியின் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும், தண்ணீர் வற்றும்போது வெளியே தலைகாட்டும்.

படகுத் திருட்டைப் புரிந்துகொள்ள இந்த ஏற்ற இறக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 2024 ஜூலை நடுப்பகுதியில் அணையின் நீர்மட்டம் 50 அடிக்கும் கீழே இருந்தது. கர்நாடக அணைகள் நிரம்பி வெள்ளம் வந்ததும் ஜூலை 30 அன்று 120 அடியைத் தொட்டுவிட்டது. டெல்டா பாசனத்துக்கு நீர் திறந்துவிடும் மாதங்களில் இதே கரை பின்வாங்கிக்கொண்டே போகிறது. கடற்கரைக் கிராமத்தில் படகு கட்டும் இடம் தலைமுறைகளுக்கு மாறாது. வீடு, கோயில், டீக்கடை எல்லாம் அதன் பார்வையில் இருக்கும். மேட்டூரில் அப்படி இல்லை. தண்ணீர் இறங்க இறங்கப் பரிசல் ஊரைவிட்டு விலகிச் சேற்றுவெளியின் நடுவே போய்விடுகிறது. அங்கே விளக்கு இல்லை, பாதை இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

இன்னொரு சிக்கல் எல்லை. பண்ணவாடியில் ஏறினால் நாகமரையில் இறங்கலாம். கோட்டையூரில் ஏறினால் ஒட்டனூர். இந்தக் கரை சேலம் மாவட்டம், அந்தக் கரை தருமபுரி மாவட்டம். மேலே பாலாறு சேரும் பக்கம் போனால் கர்நாடக எல்லை. அணைக்குக் கீழேயும் இதே கதைதான். பூலாம்பட்டிக்கு எதிரே நெரிஞ்சிப்பேட்டை, குமாரபாளையத்துக்கு எதிரே பவானி, பள்ளிபாளையத்துக்கு எதிரே ஈரோடு, மோகனூருக்கு எதிரே வாங்கல். நெடுகிலும் ஆறே மாவட்ட எல்லை. திருடியவர் அரை மணி நேரம் துடுப்புப் போட்டால் வேறொரு காவல் நிலையத்தின் ஆளுகைக்குள் போய்விடுகிறார்.

எவையெல்லாம் போகின்றன

களவு போகும் பொருள்களை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது பரிசல். ஓர் ஆள் கவிழ்த்து முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடிய கலம் இது. இந்த எளிமைதான் அதன் சிறப்பு, அதுவே அதன் பலவீனமும். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி அதன்மேல் எருமைத் தோல் போர்த்தியது பழைய பரிசல். பிறகு தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்தன. இப்போது பைபர் பரிசல்கள் பெருகிவிட்டன. பின்னிய பரிசலை அதன் சொந்தக்காரர் இருட்டிலும் கண்டுபிடித்துவிடுவார். எந்த இடத்தில் ஒட்டுப் போட்டது, எந்தப் பிளாச்சு மாற்றியது என்று அவருக்குத் தெரியும். ஒரே அச்சில் வார்த்த பைபர் பரிசல்கள் அருகருகே நின்றால் வேறுபாடு தெரிவதில்லை. மேலே ஒரு கை வண்ணம் அடித்துவிட்டால் அது வேறு பரிசல். நீடித்து உழைக்கும் பொருள் கிடைத்தது நல்லதுதான், ஆனால் கையடையாளம் அதனோடு போய்விட்டது.

இரண்டாவது வலை. நீர்த்தேக்கத்தில் பெரும்பாலும் செவுள் வலைதான். மாலையில் கட்டி, விடியலில் எடுப்பார்கள். இடைப்பட்ட இரவு முழுவதும் சில மிதவைகளை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு வலை தனியாகக் கிடக்கிறது. திருட வருகிறவருக்கு அந்த மிதவையே வழிகாட்டி. நைலான் நரம்பு வலைக்கு இரண்டாம் சந்தை உண்டு. இன்னொரு மீன்பிடிப்பவர் வாங்கலாம். கிழிந்திருந்தால் பயிருக்கு வேலியாகவும் பறவை விரட்டவும் போகும். ஈயக் குண்டுகள் எடைக்குப் போகும்.

மூன்றாவது, வலையில் பட்ட மீன். கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி, கெளுத்தி என்று மேட்டூர் மீனுக்குச் சுற்று வட்டாரத்தில் தனி மதிப்பு. வலையை விட்டுவிட்டு மீனை மட்டும் எடுத்துப்போகும் திருட்டுதான் பிடிபடவே முடியாதது. இன்று மீன் குறைவு என்று நினைத்துக்கொண்டு வலைக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார்.

நான்காவது இயந்திரப் படகுகளின் உதிரிகள். பூலாம்பட்டி–நெரிஞ்சிப்பேட்டை, பண்ணவாடி–நாகமரை போன்ற துறைகளில் ஆட்களை ஏற்றிச்செல்லும் விசைப்படகுகள் ஓடுகின்றன. இங்கே பேட்டரியும் டீசலும் கழற்ற எளிதான பாகங்களும்தான் குறி. அவை போய்ச் சேரும் இடம் பழைய இரும்புக் கடை.

சட்டம் தரும் மூன்று கதவுகள்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. படகுத் திருட்டுக்கு அது மூன்று கதவுகளைத் திறக்கிறது. எந்தக் கதவு வழியே புகார் நுழைகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது.

முதல் கதவு 303-ஆம் பிரிவு, சாதாரணத் திருட்டு. மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, குற்றவாளி முதல்முறை சிக்கியவராகவும் பொருளைத் திருப்பித் தருபவராகவும் இருந்தால் தண்டனை சமூக சேவைதான். குற்றவாளியைத் திருத்தும் நோக்கில் இது நல்ல ஏற்பாடு. புகார் கொடுப்பவருக்கோ இதன் மறுபக்கம் பாரமானது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு, காவல்துறை தானே விசாரணையைத் தொடங்க முடியாத குற்றம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அட்டவணை வகைப்படுத்திவிட்டது. நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் புலனாய்வு நகராது. பழைய பரிசலும் ஓரிரு வலைகளும் இந்த வரம்புக்குள் எளிதாக அடங்கிவிடும். ஸ்டேஷனுக்குப் போனவர் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்புவார், எப்.ஐ.ஆர். பிறக்காது.

இரண்டாம் கதவு 305-ஆம் பிரிவு. சரக்கோ பயணிகளோ ஏற்றும் வாகனத்தைத் திருடினாலும், அத்தகைய வாகனத்திலிருந்து பொருளைத் திருடினாலும், பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கலத்துக்குள் திருடினாலும் ஏழு ஆண்டு வரை சிறை. மதிப்பு எவ்வளவு என்ற கேள்வி இங்கே எழாது. காவல்துறை நேரடியாக வழக்குப் பதியலாம். துறையில் ஆள் ஏற்றும் பரிசல் இதற்குள் ஐயமின்றி வரும். பிடித்த மீனைக் கரைக்குக் கொண்டுவரும் மீன்பிடிப் பரிசலும் சரக்கு ஏற்றும் கலம்தானே என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. இந்த வாதத்தைப் புகார் எழுதும்போதே வைக்க வேண்டும். 'பரிசலைக் காணவில்லை' என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுப்பதற்கும், 'மீன் ஏற்றிச் செல்லும் பரிசல் திருடப்பட்டது' என்று எழுதுவதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

மூன்றாம் கதவு, கண்டெடுத்த பொருள். வெள்ளக் காலத்தில் அவிழ்ந்து மிதந்து வந்த பரிசலை ஒருவர் இழுத்துக் கட்டிக்கொள்கிறார். இது திருட்டா? கண்டெடுப்பது குற்றமில்லை. சொந்தக்காரரைத் தேட நியாயமான முயற்சி எடுக்காமல் தனதாக்கிக்கொண்டால் 314-ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் பரிசலில் பெயரோ எண்ணோ இல்லாதபோது, 'யாருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்?' என்ற பதிலை முறியடிப்பது கடினம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவரைத் தண்டிக்கும் 317-ஆம் பிரிவும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறது.

பொருளுக்குச் சேதம் விளைவிக்கும் குற்றங்களிலும் சட்டத்தின் கண் பெரிய கலங்களின் மேல்தான். மேல்தளம் உள்ள கப்பலையோ 20 டன் சுமை தாங்கும் கலத்தையோ நாசமாக்க முயன்றால் கடும் தண்டனை உண்டு. பரிசலைக் கிழித்து மூழ்கடித்தால் அது சாதாரணச் சேதம்.

புகார் ஏன் பிறப்பதில்லை

திருட்டு நடந்தும் வழக்கு எண்ணிக்கையில் வராமல் போவதற்குப் பணமதிப்பு ஒரு காரணம் மட்டுமே. புகார் கொடுக்க ஒரு நாள் போனால் அன்றைய கூலி போச்சு. மாவட்ட எல்லைச் சிக்கல் வேறு. இப்போதைய நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரை ஏற்க வேண்டும். மின்னணு வழியாகவும் கொடுக்கலாம். ஆனால் இந்த வசதியும் காவல்துறை நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றங்களுக்குத்தான். 5,000 ரூபாய் வரம்பு மறுபடியும் குறுக்கே நிற்கிறது.

இன்னொரு காரணத்தை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்க மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் வலை கட்டுபவர் தன் வலை போனால் யாரிடம் சொல்வார்? தான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை முதலில் விளக்க வேண்டிவரும். எனவே அவர் பேசாமல் இருந்துவிடுகிறார், அல்லது தானே கணக்குத் தீர்க்கப் பார்க்கிறார். ஆற்றங்கரை அடிதடிகளின் வேர் சில நேரம் இங்கேதான். திருடனுக்கு இதைவிடப் பாதுகாப்பான இரை வேறில்லை.

காப்பீட்டிலும் இதே வெற்றிடம். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீடு, மீனவர் இறந்தாலோ முழுமையாக முடங்கினாலோ 5 லட்சம் ரூபாயும், பகுதி முடக்கத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் தருகிறது. உயிருக்கு மதிப்பு வைத்தது சரியே. உயிரைக் காப்பாற்றிச் சோறு போடும் வலைக்கு அதில் இடமில்லை.

கடல் கற்றுக்கொண்ட பாடம்

கடலோரத்தில் அடையாளத்தின் அருமை ஒரு பேரிடியோடு வந்து சேர்ந்தது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, கடைசித் தொலைவை ரப்பர் படகில் கடந்து கரையேறினார்கள். அந்த ரப்பர் படகின் இன்ஜின் கராச்சியில் வாங்கப்பட்டது என்பதை 2009 பிப்ரவரியில் பாகிஸ்தான் அரசே ஒப்புக்கொண்டது. கரையில் கைவிடப்பட்ட இயந்திரம் ஒன்று விற்பனையான கடைவரை ஆளைக் கூட்டிப்போனது.

அதன் பிறகு கடல் மீன்பிடிப் படகுகளின் பதிவு நாடு முழுவதும் இறுக்கமானது. ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் எண் தமிழகப் படகுகளின் பக்கவாட்டில் இப்போது பழகிய காட்சி. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் மீன்பிடிக் கலங்களில் செயற்கைக்கோள் வழித் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994-இலிருந்தே இயங்குகிறது. உள்நாட்டு நீர்நிலைக்கு இவற்றில் எதுவும் வந்து சேரவில்லை.

அதற்காகக் கடலில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. கோடியக்கரைக்கு அப்பால் நாகை மாவட்ட மீனவர்களை இரவில் மறித்து ஜி.பி.எஸ்., வாக்கி-டாக்கி, வலை, இன்ஜின் என்று பறித்துப்போகும் தாக்குதல்கள் தொடர்ந்து செய்தியாகின்றன. மறுபக்கம், யாழ்ப்பாணத்து மீனவர்கள் இரவில் விரித்த வலைகளை நம் விசைப்படகுகளின் இழுவைமடிகள் அறுத்துக்கொண்டு போகின்றன என்பதும் ஆண்டுக்கணக்கான குற்றச்சாட்டு. இலங்கை 2017-இல் இழுவைமடித் தொழிலையே சட்டம் போட்டுத் தடைசெய்தது. வலையை இழந்தவரின் கண்ணீருக்குக் கடல் எல்லை தெரியாது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: பதிவு எண், அத்துமீறலைத் தானாக நிறுத்திவிடுவதில்லை, ஆனால் யார், எது, எங்கே என்ற கேள்விக்கு விடை தேடும் வழியைத் தருகிறது.

அமெரிக்காவில் 1972 நவம்பர் முதல் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு படகின் உடலிலும் 12 எழுத்து-எண் கொண்ட அடையாளத்தைப் பதிக்க வேண்டும். ஐரோப்பாவிலும் இதையொத்த முறை உண்டு. கரீபியன் தீவுகளில் நங்கூரமிட்ட பாய்மரக் கப்பல்காரர்கள் இரவானதும் சிறு படகை நீரிலிருந்து தூக்கிக் கட்டிவிடுகிறார்கள். வசதி படைத்தவர்களின் உல்லாசப் படகுக்குக் கிடைக்கும் அக்கறை, வயிற்றுக்காக ஓடும் பரிசலுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

பூட்டு போதுமா?

சங்கிலி போட்டுப் பூட்டினால் என்ன என்ற யோசனை எளிதாக வரும். மூங்கில் விளிம்பில் போட்ட சங்கிலியை அவிழ்க்க வேண்டியதில்லை, மூங்கிலை அறுத்தால் போதும். அதைவிட முக்கியமானது வெள்ளம். அணையிலிருந்து உபரிநீர் திறக்கும்போது தாழ்வான கரையில் பூட்டிக் கிடக்கும் பரிசல் மிதந்து எழ முடியாமல் நாசமாகும். அவசரத்துக்கு ஆளை மீட்க வேண்டிய நேரத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருக்கவும் முடியாது.

காவலுக்கு ஆள் போடுவது ஓரளவு பலன் தரும். கரையில் குடிசை போட்டுத் தங்கி மீன்பிடிப்பவர்கள் உள்ள இடத்தில் பரிசல்களை ஒரே துறையில் சேர்த்துக் கட்டி, முறை வைத்துக் காவல் இருக்கலாம். ஆனால் பகலெல்லாம் உழைத்தவரே இரவும் விழித்திருக்க வேண்டும் என்பது நிரந்தரத் தீர்வு ஆகாது. நீருக்குள் கிடக்கும் வலைக்கு இதுவும் உதவாது.

பதிவு என்றால் மீன்பிடிப்பவர்களுக்கே அச்சம் உண்டு. இன்று எண் கொடுப்பார்கள், நாளை கட்டணம் கேட்பார்கள், மறுநாள் உரிமம் எங்கே என்பார்கள். இந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் பரிசலுக்கு எண் கொடுப்பதையும் மீன்பிடி உரிமத்தைச் சோதிப்பதையும் ஒன்றாகக் கட்டக் கூடாது. எண் என்பது உடைமைக்குச் சாட்சி, அவ்வளவே.

லாரிக்கு உண்டு, பரிசலுக்கு இல்லை

அடையாளத்தின் மதிப்பை இந்த வட்டாரத்துக்கு வெளியிலிருந்து யாரும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலால் வளர்ந்த ஊர்கள். ஒரு லாரிக்குப் பதிவெண், இன்ஜின் எண், சேஸிஸ் எண், ஆர்.சி. புத்தகம், காப்பீடு எல்லாம் உண்டு. டயருக்குக் கூட வரிசை எண் உண்டு. லாரி திருட்டே போகாது என்று சொல்ல முடியாது. ஆனால் போனால் எதைத் தேடுவது என்று காவல்துறைக்குத் தெரியும், எதை வாங்கக் கூடாது என்று வாங்குபவருக்கும் தெரியும். அதே மாவட்டங்களின் ஆற்றங்கரையில் நிற்கும் பரிசலுக்கு ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், இயந்திரம் இல்லாத கலங்களையும் மாவட்டம், வட்டம், ஊராட்சி அளவில் பதிந்துகொள்ள வழிசெய்கிறது. ஒகேனக்கலில் சுற்றுலாப் பரிசல்காரர்களுக்குப் பென்னாகரம் ஊராட்சி ஒன்றியம் உரிமம் தருவது பக்கத்திலேயே உள்ள முன்மாதிரி.

இதிலிருந்து செய்யக் கூடியவை பெரிய செலவுள்ளவை அல்ல. கொளத்தூர், மேட்டூர், எடப்பாடி, குமாரபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் பகுதிகளின் கரையோர ஊராட்சிகள் இலவசமாகப் பரிசல் பதிவேடு தொடங்கலாம். பைபர் பரிசல் வார்க்கும்போதே உட்புறத்தில் எண் பதிக்கச் சொல்லலாம். மேலே வண்ணம் அடித்தாலும் உள்ளே பதிந்த எண் அழியாது. வலையின் தலைக்கயிற்றில் ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கத்துக்கும் ஒரு நிற இழை, மிதவையில் சங்க எண். பழைய வலையும் ஈயமும் படகு உதிரிகளும் வாங்கும் கடைகள், விற்றவரின் பெயரைக் குறித்துவைக்க வேண்டும். இரு கரை மாவட்டங்களின் காவல் நிலையங்களும் இந்தப் பதிவேட்டைப் பகிர்ந்துகொண்டால், ஆற்றைக் கடந்த பரிசல் தலைமறைவு ஆகாது. மீனவர் நலவாரியமும் மீன்வளத் துறையும் கருவி இழப்புக்கு ஒரு சிறு காப்பீட்டைச் சேர்த்தால், வழக்குப் பதிய வேண்டிய தேவை தானாக உருவாகும். வழக்கு இல்லாமல் இழப்பீடு இல்லை என்று ஆனால், புகார் கொடுப்பவரும் விடமாட்டார், புகாரைப் பெறுபவரும் தட்டிக்கழிக்கமாட்டார்.

இவை திருட்டை முற்றாக ஒழிக்காது. வலையில் பட்ட மீனை இரவில் எடுத்துப்போகிறவரை எந்தப் பதிவேடும் பிடிக்காது. ஆனால் பரிசலும் வலையும் இயந்திரமும் மறுபடி விற்கப்படுவதற்காகத்தான் திருடப்படுகின்றன. விற்கும் இடத்தில் கேள்வி எழுந்தால் திருடுவதன் லாபம் குறையும். எனவே முதல் செலவு பூட்டுக்கு வேண்டாம், எண்ணுக்கு ஆகட்டும். அதுவரை பரிசல் வைத்திருப்பவர்கள் இன்றே செய்யக் கூடிய ஒன்று உண்டு: பரிசலின் உட்புறத்தில் அழியாதபடி ஒரு குறியைப் பொறித்து, அந்தக் குறி தெரியும்படி படம் எடுத்து, வாங்கிய ரசீதோடு வீட்டில் பத்திரப்படுத்துங்கள். புகார் எழுதும் நாளில் அந்தப் படம்தான் உங்கள் ஆர்.சி. புத்தகம்.